மூன்று நாள் விருந்தாளி

பத்து வருடம் வேலை பார்த்து முடித்தவர்களுக்கு விடுதி முதலாளி ஒரு சலுகை வைத்திருந்தார். இரைச்சல் தீவில் இருக்கிற விடுதியின் ஆட்கள் அமைதித் தீவில் இருக்கிற விடுதிக்கு விருந்தாளியாகப் போகலாம். அங்கே இருப்பவர்கள் இங்கே வரலாம். படகு இலவசம், சாப்பாடு இலவசம், மூன்று நாள். ஆனால் ஆயுளுக்கு ஒரே ஒரு முறைதான்.

சாவியக்காவுக்கு அந்த மூன்று நாள்மீது எத்தனையோ வருடமாகக் கண். இடுப்பில் சாவிக்கொத்து எப்போதும் தொங்கிக்கொண்டே இருந்ததால் அந்தப் பெயர். இரைச்சல் தீவு விடுதியில் நாற்பத்திரண்டு கட்டில், ஐந்து குளியலறை, எல்லாம் அவள் பொறுப்பு. ஊர் சுற்ற வருகிறவர்கள் ஆளைவிட உயரமான முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு மத்தியானப் படகில் வந்து இறங்குவார்கள். சாயங்காலம் எதிர்வரிசைக் கடைகளில் பாட்டு தொடங்கும். அப்புறம் விடிய விடிய ஆட்டம். பகலெல்லாம் தூக்கம். அவர்கள் எழுந்து போன கட்டிலை உதறினால் ஒரு வாளி மணல் விழும், பாதி கடித்த ரொட்டி விழும், ஒற்றைத் தோடு விழும். விடுதிக்குப் பின்னால்தான் அவளும் அவள் புருஷனும் குடியிருந்த அறை. பாட்டின் அதிர்வில் அந்த அறைச் சுவரில் மாட்டிய காலண்டர்கூடத் தாளம் போடும்.

முதுகுப்பைக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு நாள் ஆட்டம், இரண்டு நாள் அமைதி, அப்புறம் அடுத்த தீவு. அமைதித் தீவுக்குப் போய்விட்டு வெயிலில் மூக்குத் தோல் உரிந்து திரும்பி வருகிறவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்பாள். அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் கடல்தான் என்பார்கள் சலிப்பாக. அந்த ஒன்றுமே இல்லை என்ற பேச்சைக் கேட்டாலே சாவியக்காவுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

பத்து வருடம் முடிந்ததும் எழுதிக் கொடுத்தாள். முதல் வருடம் கூரை ஒழுகியது, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். இரண்டாம் வருடம் கூட்டம். மூன்றாம் வருடம் புருஷனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். நான்காம் வருடம் அவள் கொடுத்த கடிதத்தை மேனேஜர் எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டே இருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்று சும்மாவா சொன்னார்கள். கடைசியில் ஐந்தாம் கடிதத்தை அவர் மேசைமேல் வைத்து, கையெழுத்துப் போடும்வரை சாவியைக் கொடுக்கமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டாள். போட்டுவிட்டார்.

சமையல்காரர் ஏற்கெனவே போய்வந்தவர். மூன்று நாளும் அங்கே வெங்காயம் உரித்துவிட்டு வந்தவர். அவர்தான் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார்.

"சீட்டுல வெறும் விருந்தாளின்னுதான் போட்டிருக்கும். நீயா வாயத் திறந்து நம்ம ஆளுன்னு சொல்லாத வரைக்கும் அங்க ஒருத்தருக்கும் தெரியாது. சொன்ன, செத்த."

அப்படியானால் பையும் விருந்தாளிப் பையாக இருக்கவேண்டும் அல்லவா? யாரோ விட்டுப்போய் ஒரு வருடமாகக் கேட்க ஆளில்லாத பச்சை முதுகுப்பை ஒன்று சாமான் அறையில் கிடந்தது. ஜிப் பாதிதான் ஏறும். அதில் மூன்று உடுப்பு, ஒரு துண்டு, முட்டிக்குத் தைலம் எல்லாம் வைத்து மாட்டிக்கொண்டாள். பை உன்னைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்றார் புருஷன். இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். சாவிக்கொத்தை அவர் கையில் திணித்துவிட்டு வேகமாகப் படகுத்துறைக்கு நடந்தாள். மேனேஜர் மனம் மாறிப் பின்னால் கூப்பிட்டுவிடுவாரோ என்று பயம்.

படகில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், இது எத்தனையாவது தீவு என்று கேட்டாள். இதுதான் முதல் என்றாள் சாவியக்கா. அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டாவதாம். ஆறாவதும் ஒன்பதாவதும் ஒன்றா வேறா என்று அவளுக்கே குழப்பம். இருந்தாலும் முதல் தீவுக்காரி என்பதால் சாவியக்காமேல் இரக்கப்பட்டு, பையை எப்படி மாட்டினால் தோள் வலிக்காது என்று சொல்லிக்கொடுத்தாள். சாவியக்கா பயபக்தியாகக் கேட்டுக்கொண்டாள். அந்தப் பெண்ணின் படுக்கையை நேற்றுக் காலையில் உதறியதே இவள்தான்.

அமைதித் தீவு நிஜமாகவே அமைதியாகத்தான் இருந்தது. விடுதியிலிருந்து நாற்பது எட்டு வைத்தால் கடல். மணலில் நண்டைத் தவிர ஒரு ஜீவன் இல்லை. போய்ச் சேர்ந்த அன்றைக்கு வெயில் இறங்கிவிட்டது, நாளைக்கு நாள் முழுக்கக் கடலில்தான் என்று முடிவு செய்துவிட்டுப் படுத்தாள். அங்கே ஆரம்பித்தது கஷ்டம். பதினான்கு வருடம் பாட்டுச் சத்தத்தில் தூங்கிய காதுக்கு அந்த நிசப்தம் ஒத்துக்கொள்ளவில்லை. புரண்டு புரண்டு படுத்தாள். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு விடிகிற நேரத்தில்தான் கண்ணயர்ந்தாள்.

ஆறு மணிக்கு உடம்பு தானாக எழுந்துகொண்டது. மனசு எழுந்திருக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் கை தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கியது. விரிப்பை இழுத்து, ஓரத்தை முக்கோணமாக மடித்து மெத்தைக்கு அடியில் செருகி, தலையணையின் திறந்த வாய் சுவர்ப் பக்கம் பார்க்கிற மாதிரி வைத்து ஒரு தட்டு. அது அந்த முதலாளியின் விடுதிகளுக்கே உரிய முறை. வேறு எங்கும் அப்படிச் செய்யமாட்டார்கள். அவள் கட்டில் முடிந்தது. அறையில் மற்றவர்கள் குளிக்கப் போயிருந்தார்கள். பக்கத்துக் கட்டில் முடிந்தது, அதற்கடுத்ததும் முடிந்தது. நாலாவது தலையணையைத் தட்டும்போதுதான் அவளுக்குச் சுயநினைவு வந்தது. திரும்பிப் பார்த்தால் வாசலில் இந்த விடுதியின் மேனேஜரம்மா நின்றுகொண்டிருந்தார்.

"அங்க எத்தனை வருஷம்க்கா?" என்றார் அவர்.

மறைத்துப் பேச சாவியக்காவுக்கு வரவில்லை. பதினாலு என்றாள். மேனேஜரம்மா கெட்டவர் இல்லை. அது இன்னும் எரிச்சல். வேலை செய்த இரண்டு பெண்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள், ஒரு மணி நேரம் மட்டும் கை கொடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். ஒரு மணி நேரம்தானே என்று போனாள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கதைதான். கட்டில் முடிந்தால் குளியலறை, குளியலறை முடிந்தால் கண்ணாடி, கண்ணாடி முடிந்தால் புதிதாக வந்தவர்களின் கட்டில். ஒவ்வொரு ஜன்னலைத் துடைக்கும்போதும் வெளியே கடல் தெரிந்தது. மொத்தம் பதினோரு ஜன்னல். பதினோரு தடவையும் வயிறு எரிந்தது. அவள் கால் மடக்கி உட்கார்ந்தபோது இருட்டிவிட்டது.

பின்கட்டில் துவைக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். சாவியக்காவைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். அவள் மட்டும்தான் சாவியக்காவிடம் ஒரு வேலையும் சொல்லவில்லை. தண்ணீர் வாளியைத் தூக்கக் கை நீட்டினால்கூட, வேண்டாம்க்கா என்று இழுத்துக்கொண்டாள். ஊரே வேலை வாங்குகிறது, இவளுக்கு மட்டும் என்ன இவ்வளவு வீறாப்பு என்று சாவியக்காவுக்குக் கடுப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் கடைசி நாள். நாலு மணிக்குத் திரும்புகிற படகு. இன்றைக்கு முடியாது என்று சொல்லியே தீருவது என்று முகம் பார்க்கிற கண்ணாடி முன் நின்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். காலையில் மேனேஜரம்மா ஒரு கட்டு விரிப்போடு வந்தார். மத்தியானப் படகில் பதினெட்டு பேர் வருகிறார்களாம்.

"முடியாதுங்க மேடம். நான் விருந்தாளி."

பதினான்கு வருடத்தில் வேலை சொன்ன ஒருவரிடம் அவள் இப்படிச் சொன்னதே இல்லை. மேனேஜரம்மா கோபப்படவில்லை. துவைக்கிற பெண்ணையே இதையும் செய்யச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாவியக்கா விறுவிறுவென்று கடற்கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்தாள். தண்ணீர் பச்சையாகத் தெளிந்து கிடந்தது. அலைகூடச் சத்தம் போடாமல்தான் வந்து போனது. இதற்குத்தானே ஆசைப்பட்டாள்? ஆனால் மனசு ஒரு நிமிடம் நிற்கவில்லை. முதலாளியைத் திட்டியது. மேனேஜரம்மாவைத் திட்டியது. நாலு கட்டிலை மடித்துவைத்த தன் கையைத் திட்டியது. பதினெட்டு கட்டிலும் துணி மூட்டையும் ஒற்றை ஆளாக அந்தப் பெண் பார்க்கவேண்டுமே என்று நினைத்ததும் கடலே பார்க்கப் பிடிக்கவில்லை. பாழாய்ப்போன மனசு. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

பின்கட்டில் அந்தப் பெண் ஈர விரிப்பைத் தனியாகப் பிழிந்துகொண்டிருந்தாள். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். சாவியக்கா போய் மறுமுனையைப் பிடித்தாள். வழக்கம்போல, வேண்டாம்க்கா நீங்க போங்க என்றாள் அவள். அடக்கிவைத்த கோபமெல்லாம் அவள்மேல் பாய்ந்தது.

"எப்பப் பாத்தாலும் வேண்டாம் வேண்டாம்ங்கிறியே, என் கை என்ன ஆகாத கையா?"

அந்தப் பெண் பிழிவதை நிறுத்தவில்லை. முறுக்கிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். அவளுக்கும் அந்த மூன்று நாள் கிடைத்ததாம். போன வருடம் இரைச்சல் தீவுக்கு வந்தாளாம். பதினொரு வருடமாக இங்கே அலைச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. அந்த விளக்குகளையும் ஆட்டத்தையும் ஒரு தடவை நடுவில் நின்று பார்க்கவேண்டும் என்று ஆசை. அதற்கென்றே பூப்போட்ட கவுன் ஒன்று வாங்கியிருந்தாள். போன மறுநாள் காலை குளித்துவிட்டுத் துண்டை அந்த முதலாளியின் விடுதி முறைப்படி மூன்றாக மடித்துக் கம்பியில் போட்டாள். இடுப்பில் சாவிக்கொத்து வைத்திருந்த ஒரு அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"ஒரு மணி நேரம் கை கொடும்மான்னாங்க. மிச்ச ரெண்டு நாளும் குளியலறை கழுவினேன். பாட்டெல்லாம் கேட்டுச்சு. உள்ள இருந்தே கேட்டுக்கிட்டேன்."

சாவியக்காவின் கை நின்றுவிட்டது. பூப்போட்ட கவுன் ஞாபகம் வந்தது. முகம் ஞாபகம் இல்லை. நல்ல வேலைக்காரி, அமைதித் தீவிலிருந்து வந்தவள், நம் நல்ல நேரம் என்று சமையல்காரரிடம் பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. போகும்போது ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பியதும் வந்தது. காப்பி கொடுத்ததை இத்தனை நாள் தாராள மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அது" என்றாள்.

"தெரியும்க்கா. நீங்க படகுல இருந்து இறங்கும்போதே தெரியும்."

"அப்புறம் ஏன் மேடத்துகிட்ட சொல்லல?"

"சொன்னா உங்கள வேலை வாங்கிருவாங்களே. ஒருத்தராவது மூணு நாளும் உக்காந்து பாத்துட்டுப் போகட்டும்னு இருந்தேன்." விரிப்பை உதறிக் கொடியில் போட்டாள். "நீங்களே போய்க் கட்டில மடிச்சா நான் என்ன பண்றது?"

நீயும் வா, ரெண்டு பேரும் போய்க் கடலில் கால் வைத்துவிட்டு வரலாம் என்று சாவியக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். நாற்பது எட்டுதான் தூரம். அந்தப் பெண் சிரித்தாள். கையை உருவிக்கொள்ளவில்லை, நகரவும் இல்லை.

"நான் வந்தா இத யாருக்கா காயப்போடுறது?"

தரையில் இன்னும் பத்துப் பன்னிரண்டு விரிப்புகள் குவிந்து கிடந்தன. சாவியக்கா அவள் கையை விட்டுவிட்டுக் குனிந்து அடுத்த விரிப்பை எடுத்தாள்.