காதுகுத்து நெகட்டிவும் காஷ்மீர் வேப்பமரமும்

கல்யாணத்துக்குப் பார்க்கிற பெண் கறுப்பாக இருந்தால் தரகர்கள் அவளை மாநிறம் என்பார்கள். நான் மாநிறத்திலிருந்து நாலு தெரு தள்ளி. நிலக்கரி வெட்டுகிற ஊரில் கறுப்பாகப் பிறந்தவளை எதோடு சேர்த்துப் பேசுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் அத்தை ஒருபடி மேலே போய், நெய்வேலிக் கரி உண்மையில் பழுப்புதான், இவள் அதையும் தோற்கடித்துவிட்டாள் என்று ஒரு விசேஷ வீட்டில் பந்தியில் வைத்துச் சொன்னாள். அம்மாவுக்கு இதற்கெல்லாம் ஒரே மருந்துதான் தெரியும், பவுடர் டப்பா. பள்ளிக்கூடமோ கோயிலோ ரேஷன் கடையோ, வாசலில் நிறுத்தி முகத்தில் ஒரு அப்பு அப்பித்தான் அனுப்புவாள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்றுதான் நான் வளர்ந்தேன்.

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவும் அப்ரண்டிஸும் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் டவுன்ஷிப்பில் பையன் சும்மா உட்கார்ந்திருந்தால் பர்மனென்ட் வேலைக்குக் காத்திருக்கிறான் என்பார்கள். பெண் உட்கார்ந்திருந்தால் மாப்பிள்ளைக்கு. நான் இரண்டுக்குமே காத்திருந்தேன், இரண்டும் வருகிற வழியாக இல்லை. அப்பாவுக்கு மைன்ஸில் கரி போகிற பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை, ரிடையர் ஆகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் இந்த வீட்டு வாசலில் எனக்குப் பந்தல் போட்டுவிட வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே கவலை. வருகிறவர்களோ போட்டோவைப் பார்த்து நின்றுவிடுவார்கள், இல்லையென்றால் நேரில் வந்து பஜ்ஜியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று போய்விடுவார்கள். ஒருத்தரும் சொன்னதில்லை.

அந்த எரிச்சலில்தான் கேமராவைப் பிரித்தேன். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சின்ன டிஜிட்டல் கேமரா அது. எல்லார் கையிலும் போன் வந்தபிறகு அது பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கிறது, அதில் படம் எடுத்தால் பச்சை இலையெல்லாம் வெள்ளையாகத் தெரியும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். கேமராவுக்குள் அந்த வெளிச்சத்தைத் தடுக்க ஒரு குட்டிக் கண்ணாடி வைத்திருப்பார்களாம். அதை எடுத்துவிட்டால் போதுமாம். வீடியோக்காரன் சொல்கிறபோது எல்லாமே போதுமாகத்தான் இருக்கும்.

இட்லித் தட்டை எடுத்துவைத்து, எந்தப் பக்கத்து ஸ்க்ரூவோ அந்தப் பக்கத்துக் குழியில் போட்டுக்கொண்டே வந்தேன். அம்மா ஈர அரிசியோடு வந்து நின்று தட்டைப் பார்த்தாள்.

"இன்னாடி பண்ணிகினு இருக்கற? நாளைக்கு மாப்ள வூட்டுக்காரனுக்கு ஸ்க்ரூ இட்லியா?"

"வந்தா அதான் போடப்போறேன்."

மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டதுதான் தெரியும். ஃபிளாஷுக்கு வைத்திருக்கிற கெப்பாசிட்டர் என்னைத் தூக்கிப் போட்டது. மாநிலத்துக்கே கரண்ட் அனுப்புகிற ஊரில் பிறந்து, எலக்ட்ரானிக்ஸும் படித்துவிட்டு, உள்ளங்கை அளவு கேமராவிடம் ஷாக் வாங்கினேன். அம்மா சிரித்த சிரிப்பில் அரிசி சிந்தியது.

அவள் உள்ளே போனதும் மறுபடி உட்கார்ந்தேன். சென்சாருக்கு முன்னால் லேசான நீலத்தில் அந்தக் கண்ணாடி இருந்தது, சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. பிளேடு முனையால் நெம்பினேன். வந்தது, இரண்டு துண்டாக. எப்படியும் அதைத் திருப்பி மாட்டப்போவதில்லை என்று குப்பையில் போட்டேன். அதற்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை மறைத்து, தெரியாத வெளிச்சத்தை மட்டும் விடுகிற ஒன்று வேண்டும். கழுவின பிலிம் சுருளின் தொடக்கத்தில் வெளிச்சம் பட்டு முழுக் கறுப்பாக ஒரு துண்டு இருக்குமே, அது அந்த வேலையைச் செய்யும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே நெகட்டிவ் சுருள் என்னுடைய காதுகுத்துப் படங்கள். அதன் தலைப்பை வெட்டி, இரண்டாக மடித்து, கண்ணாடி இருந்த இடத்தில் வைத்து, எல்லாவற்றையும் மூடினேன். இட்லித் தட்டில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.

கேமராவுக்கு முன்னால் டிவி ரிமோட்டை அமுக்கிப் பார்த்தேன், ஸ்க்ரீனில் அதன் மூக்கு டார்ச் மாதிரி எரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலுக்கு ஓடி, மதிற்சுவர்மேல் கேமராவை வைத்து, டைமரைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் போய் நின்றேன். கம்ப்யூட்டரில் ஏற்றிக் கறுப்பு வெள்ளையாக மாற்றியதும், எங்கள் பிளாக்கில் பனி விழுந்திருந்தது. இலைக்கு இலை வெள்ளை. வானம் கன்னங்கரேல். நடுவில் நான், பால் வெள்ளையாக, தோலில் ஒரு பரு இல்லாமல், உதடு இருக்கிற இடமே தெரியாமல், கண் மட்டும் குழியாக. ஐஸ் பெட்டியில் கிடத்தினவள் எழுந்து வந்த மாதிரி இருந்தது. மரம் அழகாக வந்திருக்கிறதே என்று ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டு வந்தேன்.

அம்மா அதைக் கையில் வாங்கினாள். "யம்மாடி!" என்று ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அம்மா, இது வேற வெளிச்சம். இதுல யார நிக்கவச்சாலும் வெள்ளையாத்தான் வருவாங்க."

"வந்தா வரட்டுமே. உன் மூக்குதான? உன் கண்ணுதான?"

அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "மரம் சூப்பரா கீது. என் பொண்ணத்தான் காணோம்" என்று திருப்பிக் கொடுத்தார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் பண்ருட்டித் தரகர் வந்திருக்கிறார், போட்டோ கைமாறிவிட்டது. பின்னால் இருக்கிற வெள்ளை மரத்துக்கு அம்மா கொடைக்கானல் என்று காரணம் சொல்லியிருக்கிறாள். கொடைக்கானலில் பனி விழாது என்று யோசித்த தரகர், போகிற வழியில் அதைக் காஷ்மீர் ஆக்கிவிட்டார். எனக்கு விஷயம் தெரிந்தபோது குறிஞ்சிப்பாடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று போனே வந்துவிட்டது. நான் கத்தினேன். "நேர்ல மூஞ்சப் பாத்தா மனசு எறங்கி வந்துடுவாங்க, வரட்டும் மொதல்ல" என்று அம்மா கெஞ்சினாள். சண்டை போட்டால் எதிர்த்து நிற்கலாம். அவள் கெஞ்சினால் என்னால் முடியாது.

வந்தார்கள். பையன், பையனின் அம்மா, அப்பா, கூடவே தரகர். பையனுக்குச் சென்னையில் வேலை, தலை நிறைய மைக்கறுப்பு முடி. நான் காபித் தட்டோடு போய் நின்றேன். பையனின் அம்மா கைப்பையைத் திறந்து போட்டோவை எடுத்தார். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு எங்கள் அம்மாவிடம் கேட்டார்.

"பொண்ண வரச் சொல்லுங்க."

"இதாங்க பொண்ணு."

"அப்ப போட்டோல இருக்கறது அக்காங்களா?"

தரகர் திடீரென்று ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த அம்மா விடவில்லை. "காஷ்மீர் போனப்ப எடுத்ததுன்னாரே?"

எங்கள் அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அடுத்தவர் சொன்ன பொய்யைப் போட்டு உடைக்கத்தான் தெரியும். "காஷ்மீரா? அது வாசல்ல நிக்கிற வேப்பமரங்க" என்று கையைக் காட்டினார். எல்லாரும் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தார்கள். மரம் பச்சையாக, கரித்தூசியோடு, தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

"அப்ப ஏமாத்திதான் தள்ளிவுடப் பாத்தீங்க. நாங்க இன்னா கண்ணு தெரியாதவங்களா?"

எங்கள் அம்மா புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். என்னை எத்தனை பேர் என்ன சொல்லியிருந்தாலும் எனக்கு மரத்துப்போயிருந்தது. அவள் அப்படி ஒண்டியதைத்தான் தாங்க முடியவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. உள்ளே போய்க் கேமராவை எடுத்து வந்தேன்.

"யாரும் ஏமாத்தலிங்க. இந்தக் கேமராவுல எல்லாருமே இப்படித்தான் வருவாங்க. நீங்களே பாருங்க" என்று சோபாவில் இருந்த மூன்று பேரையும், ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிறபடி, ஒரே அமுக்கு.

படத்தைக் காட்டினேன். மூன்று பேரும் வெள்ளைக்காரர்களாக இருந்தார்கள். ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்றும் இருந்தது. கறுப்பு முடி இந்த வெளிச்சத்தில் கொஞ்சம் வெளுக்கும், அது தெரியும். பையனின் முடி கொஞ்சம் வெளுக்கவில்லை, அவன் அப்பாவுக்கே அண்ணன் மாதிரி நரைத்துப்போயிருந்தது. கண்ணை ஏமாற்றுகிற டையால் காதுகுத்து நெகட்டிவை ஏமாற்ற முடியவில்லை. பையனின் கை தானாகத் தலைக்குப் போனது.

"அத்த அழி மொதல்ல!" என்று அந்த அம்மா எழுந்தார். பஜ்ஜி அப்படியே இருக்க, தரகர் முன்னால், அவர்கள் பின்னால். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவும் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மாவைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் நின்றுவிட்டது.

அவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். "என்னயும் ஒண்ணு எடு" என்றாள்.

எடுத்துக் கையில் கொடுத்தேன். அந்தச் சின்ன ஸ்க்ரீனில் வெள்ளை வெளேரென்று இருந்த பொம்பளையை ரொம்ப நேரம் பார்த்தாள். அம்மாவும் என் நிறம்தான். அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

"எனக்கும் இதே கததான். எங்க ஊரு காடாம்புலியூருக்குப் பொண்ணு பாக்க வந்து வந்து பலாப்பழமா தின்னுட்டுப் போனானுங்க" என்றாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "நான் மட்டும் இந்தக் கலர்ல இருந்திருந்தா, உன்னப் போயி கட்டிகினு இருப்பனா?"

"இந்தக் கலர்ல இருந்திருந்தா நானே பயந்து ஓடியிருப்பேன்" என்றார் அப்பா.

அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தாள். கேமராவை என் கையில் கொடுத்தாள்.

"அந்தக் கண்ணாடிய திருப்பி மாட்டிடு. அடுத்து விருத்தாசலத்துல ஒரு எடம் சொல்லிகீறாங்க."

"ஒடஞ்சு போச்சும்மா. குப்பையில போட்டுட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஆறிப்போன பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

"அப்ப நாளைக்கு ஸ்டூடியோவுக்குப் போயி எடுத்துகினு வா. பவுடர் போடாம போ."