மாமனாரின் பல்செட்டும் எங்கள் மிளகு மூட்டையும்

கொல்லிமலை வாழவந்தி நாட்டில் நாங்கள் குடும்பமாக மிளகு காயவைத்து நாமக்கல் கடைகளுக்கு அனுப்புகிறோம். மிளகு காய்ந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வது என் மாமனார்தான். ஒன்றை வாயில் போட்டுக் கடிப்பார். மொடுக்கென்று உடைந்தால் மூட்டை கட்டச் சொல்வார்.

இந்த அறுவடைக்குச் சற்று முன்புதான் அவர் பல்செட் போட்டுக்கொண்டார். அதன்பிறகு ஈர மிளகையும் காய்ந்தது என்றே சொன்னார். எனக்கும் என் கணவருக்கும் அது புரிந்தது. "அப்பாகிட்ட நான் எப்புடிச் சொல்றது?" என்று கணவர் நழுவினார். மருமகள் சொன்னால் தப்பாகிவிடுமே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மாசி மாதம் லாரி வந்து நின்றபோது, மனசு கேட்காமல் ஒரு மூட்டைக்குள் கையை விட்டேன். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. அள்ளிய மிளகில் பூஞ்சணம். அது மலையிறங்கியிருந்தால் எங்கள் சரக்கை அதன்பிறகு யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு நேரே மாமனாரிடம் போனேன்.

"மாமா, மொளகு காயலீங்க. பல்செட் வச்சதுலருந்து உங்களுக்குப் பதம் தெரியறதில்லீங்க."

அவர் முகம் கறுத்தது. பிறகு, "எனக்கே சந்தேகந்தான் கண்ணு. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லலையேன்னு இருந்துட்டேன்" என்றார்.

இப்போது கடித்துப் பார்ப்பது நான். ஈரமென்றால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். நான் சரியென்றாலும், என் கணவரும் ஒன்றைக் கடித்த பிறகுதான் மூட்டையைத் தைக்கிறோம். என் பல்லும் ஒருநாள் ஆடும். அன்றைக்கு என் முகத்துக்கு நேரே சொல்ல, இந்த வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.