ஆறு பாய் அறை

ஓமியா ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் வாடகை வீடு பார்த்துக் கொடுக்கும் குவபாரா செத்ஸுகோ காகிதத்தை நம்பாதவள். எல்டிகே என்றால் கூடம், சாப்பாட்டு இடம், சமையலறை மூன்றும் ஒன்றாக இருக்கும், டிகே என்றால் கூடம் கிடையாது, முன்னால் வரும் எண் தனி அறைகளின் கணக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனாலும் அளவு நாடா இல்லாமல் யாருக்கும் வீடு காட்டமாட்டாள். மற்ற தரகர்கள் தையல்காரி என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

கியோட்டோவிலிருந்து மகள் இருக்கும் ஊருக்கே குடிவரும் நிஷிகோரி, ஒரு 2டிகே வீட்டின் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்திருந்தார். ஜப்பானில் அறையின் அளவைத் தரையில் எத்தனை பாய் விரிக்கலாம் என்ற கணக்கில்தான் சொல்வார்கள். பக்கவாதம் வந்த மனைவியை மாதக் கடைசியில் மருத்துவமனையிலிருந்து அனுப்புகிறார்கள். அவள் தூக்கத்தில் பயந்து விழிப்பாள். கையைப் பிடித்துக்கொள்ள அவர் பக்கத்தில் படுக்கவேண்டும். அதற்கு இடமில்லையென்றால் காப்பகத்தில்தான் விடவேண்டும்.

"ஆறு பாய் அறைம்மா. பழைய வீட்லயும் ஆறு பாய்தான். கட்டில், சக்கர நாற்காலி, என் மெத்தை, எல்லாம் அங்க போட்டுப் பாத்துட்டேன். கையெழுத்துப் போட்டுடலாம்."

பேனாவை நீட்டிய செத்ஸுகோ அதைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"நிஷிகோரி சான், நீங்க பாத்தது கியோட்டோ பாய். இது அடுக்குமாடிப் பாய்."

"பாய்னா பாய்தானேம்மா?"

"அந்தப் பாய்ல நீங்க முழுசா நீட்டிப் படுக்கலாம். இதுல பாதம் வெளிய நிக்கும். வாங்க, போய்ப் பாத்துடுவோம்."

காலி அறையில் கட்டில் அளவுக்கும் நாற்காலி அளவுக்கும் செய்தித்தாள்களை விரித்தாள். மிச்சம் இருந்தது ஒரு முழ அகலம். திருப்பிப் போட்டால் கதவு அடைபட்டது. நிஷிகோரி சுவரில் சாய்ந்தார்.

"அப்ப காப்பகம்தானா?"

"யார் சொன்னா? ரெண்டு அறை எதுக்கு உங்களுக்கு? ஒண்ணு போதும், கூடம் பெருசா இருக்கணும்."

பையிலிருந்து ஒரு 1எல்டிகே வரைபடத்தை எடுத்தாள். இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த வீட்டுக் கூடம் பன்னிரண்டு பாய். அங்கும் செய்தித்தாள் விரித்தாள். நிஷிகோரி கோட்டைக்கூடக் கழற்றாமல் வெறும் தரையில் படுத்து, கட்டில் வரவேண்டிய பக்கம் கையை நீட்டினார். விரல்கள் காகிதத்தின் நடுவரை போயின. அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. செத்ஸுகோ ஜன்னல் பக்கம் திரும்பி, தேவையே இல்லாமல் திரைக்கம்பியை அளந்தாள்.

மனைவி வீடு வந்த மறுநாள், கடை திறந்ததும் நிஷிகோரி வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன. ஊறுகாய்ப் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு இடுப்பை வளைத்துக் குனிந்தார்.

"ரொம்ப நன்றிம்மா. நேத்து ராத்திரி அவ என் கையை விடவே இல்ல. எனக்குப் புரண்டு படுக்கக்கூட முடியல."