நேர்த்தி வைத்தவனும் பள்ளிக்கூடம் போனவளும்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்களாகத் தயங்கியிருக்கிறேன். ஒருமுறை பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதி, மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதி யார் வாசிக்கப் போகிறார்கள் என்பது ஒன்று. முருகனைக் குறை சொன்னதாகிவிடுமோ என்பது மற்றது. போன ஞாயிற்றுக்கிழமை மகள் கௌசி ரெலிபோன் எடுத்தாள். அவளுடைய மகன் பிரைவேட் பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சோதனை எழுதப் போகிறான். அதைச் சந்தோஷமாகக் கதைத்தவள், வைக்கிற நேரம் குரலைத் தணித்தாள்.

"அப்பா, நேர்த்தி ஒண்டும் வைச்சுப்போடாதேங்கோ."

அதன் பிறகுதான் சாமிப்படத்துக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். கலண்டர் தாளோடு இரண்டு வகுப்புப் படங்களும் வந்தன. கற்பூர மணமும் தூசி மணமும் சேர்ந்து மூக்கில் ஏறித் தும்மல் வந்துவிட்டது.

முதல் படம் ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் எடுத்தது. அதில் கௌசியைக் கண்டுபிடிக்க இன்றைக்கும் விரல் வைத்துத் தேட வேண்டும். பங்களாதேஷ் பிள்ளைகள், பஞ்சாபிப் பிள்ளைகள், ஹெயிட்டிப் பிள்ளைகள், நம்முடையவர்கள் ஐந்தாறு பேர், கிரேக்கப் பையன் ஒருவன். அவனை விட்டால் வெள்ளைக்காரர் என்று ரீச்சர் மட்டும்தான். கௌசியின் தோளில் கைபோட்டு நிற்பவள் நஸ்ரின், மேல்மாடிப் பிள்ளை. இரண்டும் படியிலேயே இருந்து எந்நேரமும் சிரிக்கும். என்ன சிரிப்பு என்று கேட்டால் இன்னும் சிரிக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்கு ஓர் எண்ணம். எல்லாரும் நம்மைப்போல வந்தவர்களாக இருந்தால் பிள்ளை எப்போது இந்த நாட்டுக்குள் போவாள்? அப்போது நான் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே மேலே கண்ணாடி அறையில் இருந்தவர்களின் பிள்ளைகள் எல்லாம் பிரைவேட்டில்தான் படித்தார்கள். அது என் மண்டைக்குள் ஏறிவிட்டது. ஆறாம் வகுப்புக்குப் பிறகு வரும் ஐந்து வருடப் படிப்புக்குக் கௌசி பிரைவேட் ஒன்றில் சோதனை எழுதிய அன்று விளக்குக் கொளுத்தி, வாய்விட்டே நேர்த்தி வைத்தேன்: "முருகா, இவள் பாஸ் பண்ணினால் அங்கைதான் ஐந்து வருசமும் படிப்பாள். ஒவ்வொரு வருசமும் தேருக்குக் காவடி எடுப்பன்." பாஸ் பண்ணிவிட்டாள். கோயிலில் எல்லாருக்கும் சொல்லியும் விட்டேன். அந்த வாயை என்ன செய்வது?

இரண்டாவது படம் அங்கே எடுத்தது. அதைக் கொண்டுபோய்ப் பலசரக்குக் கடைச் சிவம் அண்ணையிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"உன்ரை பிள்ளையைத் தேடத் தேவையில்லையடாப்பா. பால்சோத்திலை விழுந்த மிளகு மாதிரி நிக்கிறாள்."

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பெருமையாகத்தான். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கௌசி நின்றாள். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வருடம் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கப் பள்ளிக்கூடம் அச்சடித்த புத்தகத்தின் அட்டையில் அவளை நடுவில் நிறுத்திப் படம் போட்டிருந்தார்கள். அட்டையைப் பார்த்தால் பள்ளிக்கூடம் முழுக்க நம்முடைய பிள்ளைகள்போல இருக்கும். வகுப்பில் அவள் ஒருத்திதான்.

இரண்டாம் வருடம், தை மாதம். சீருடைக் கோட் பல்கனிக் கம்பியில் தொங்கியது. துவைத்ததும் இல்லை, நனைந்ததும் இல்லை. காலையில் எடுத்தால் இரவுப் பனி படிந்து பலகைபோல விறைத்திருக்கும். கோட்டுக் கையை மடக்கி மடக்கி நெகிழ்த்திப் போட்டுக்கொண்டு போவாள். ஏன் பிள்ளை என்றால், சும்மா என்பாள். மனைவிதான் மெதுவாகக் கேட்டு அறிந்தாள். பஸ்ஸில் கௌசி பக்கத்தில் வந்து இருந்தால் ஒரு பிள்ளை பேசாமல் யன்னலைத் திறந்துவிடுமாம். தாளிக்கிற மணம் கோட்டில் ஏறாமல் இருக்கத்தான் இந்த வேலை.

அன்று பின்னேரம் நான் தேவாரம் பாடி முடிக்கும்வரை வாசல்படியில் காத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நான் நஸ்ரின்ரை பள்ளிக்கூடத்துக்குப் போகட்டோ?"

"நேர்த்தி வைச்சிட்டன் பிள்ளை. முருகனோடை விளையாடேலாது."

"நேர்த்தி வைச்சது நீங்கள். அங்கை போறது நானெல்லோ."

நான் திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசினேன். கோயிலில் கேட்டால் என்ன சொல்வது, சாமிக்கு என்ன சொல்வது என்று இரண்டு பக்கமும் சுவராக இருந்தது. அந்தச் சுவருக்குள் பிள்ளையையும் இழுத்து வைத்திருக்கிறேன் என்று விளங்காமல் இல்லை. விளங்கியும் அடுத்த நாள் காலை அதே பஸ்ஸுக்கு அனுப்பினேன்.

ஐந்து வருடமும் காவடி எடுத்தேன். கோடை வெயிலில் தார் கொதிக்கும். கௌசி எனக்கு முன்னால் என் கால் படும் இடமெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவாள். பார்த்தவர்கள், என்ன அருமையான பிள்ளை என்றார்கள்.

படித்து முடித்தாள், நல்ல வேலையும் கிடைத்தது. நான் கும்பிட்டது வீண்போகவில்லை, அதை மறுக்கமாட்டேன். ஆனால் நஸ்ரின் குடும்பம் எங்கே போனதென்று தெரியாது. அந்தப் படியில் இப்போது யாரும் இருந்து சிரிப்பதில்லை. "போகட்டோ" என்று கேட்ட அந்தக் குரலும் அன்றோடு போய்விட்டது. அதன் பிறகு அவள் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. எங்கே படிக்கிறேன், யாரைக் கட்டுகிறேன், எங்கே வீடு வாங்குகிறேன், எல்லாம் முடிவான பிறகு மரியாதையாகச் சொல்வாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது போன ஞாயிறு ரெலிபோனில் கேட்டது ஒன்றுதான்.

"இல்லைப் பிள்ளை, வைக்கமாட்டன்" என்றேன்.

பேரனின் சோதனை விஷயத்தை மனைவி சனிக்கிழமையே சொல்லியிருந்தாள். ஞாயிறு காலை, அவள் ரெலிபோன் எடுக்க முன்னமே, விளக்குக் கொளுத்தும்போது நேர்த்தி வைத்துவிட்டேன். பழைய வசனம் அப்படியே வாயில் வந்தது, ஐந்து வருசமும் அங்கைதான் என்பது உட்பட. இந்த முழங்காலோடு இனிக் காவடியும் எடுக்க வேண்டும். வைத்ததைத் திருப்பி எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

வாசிக்கிறவர்கள் இதை மற்றவர்களுக்கும் கொடுங்கள். பிழையிருந்தால் இருக்கட்டும், திருத்த வேண்டாம். முக்கியமாக, "வைக்கமாட்டன்" என்று நான் சொன்ன பொய்யை வெட்டிவிட்டு என்னை நல்லவனாக்கிக் கொடுக்காதீர்கள். கைமாறிக் கைமாறி ஒருநாள் கௌசியிடம் போய்ச் சேர்ந்தாலும் உள்ளபடியே போய்ச் சேரட்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.