அட்டையில் இல்லாத முகம்

தம்பி எல்லிஸ் பாடிய முதல் இசைத்தட்டு வெளிவந்த அன்று, டெட்ராய்ட் சலவைக்கடைக்காரி வெர்லீன் அட்டையில் அவன் முகத்தைக் காட்டுவதற்காகத் தேவாலயத் தோழிகளை இசைத்தட்டுக் கடைக்கு அழைத்துவந்தாள். அட்டையிலோ, கடற்கரையில் ஒரு குடையருகே கைகோத்து நடக்கும் ஒரு வெள்ளைக்கார ஜோடிதான் இருந்தது.

“இதுல உன் தம்பி எதுடி? அந்தக் குடையா?” என்றாள் ஒருத்தி.

“கறுப்பு மூஞ்சியப் போட்டா வெள்ளைக்காரங்க வாங்க மாட்டாங்கன்னு கம்பெனிக்காரன் இப்படித்தான் செய்வான், வெர்லீன்,” என்றார் கடைக்காரர் டாலிவர்.

“தொண்டை மட்டும் வேணும், மூஞ்சி வேணாமா?” என்றாள் வெர்லீன்.

மறுநாள் தம்பியின் புகைப்படத்தைப் பன்னிரண்டு பிரதிகள் எடுத்து, அளந்து வெட்டி, பசையோடு வந்தாள்.

“கம்பெனிக்காரன் கேட்டா நான் என்னத்தச் சொல்றது?” என்று டாலிவர் தலையைச் சொறிந்தார்.

“எல்லிஸோட அக்கா வேலைன்னு சொல்லுங்க,” என்றபடி, ஓரம் பிசகாமல் அந்த ஜோடியின்மேல் முதல் படத்தை ஒட்டினாள்.