ஒண்டியா என்றொரு திருக்கை

சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவனுக்குக் கடல் மீனைப் பற்றி என்ன தெரியும்? அயிரை தெரியும், கெளுத்தி தெரியும், அதுவும் குளம் வற்றும்போது. அப்படிப்பட்ட என்னைத்தான் அறுபதுகளின் கடைசியில் வடசென்னைக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராகப் போட்டார்கள். கல்மண்டபத்தில் ஒரு மாடி அறை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் பகலெல்லாம் சுவரை ஆட்டும். பேச்சுத்துணை கிடையாது. ஓட்டலில் "இன்னா வோணும்?" பஸ்ஸில் "எங்க எறங்கணும்?" அத்தோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். நான் செத்துக் கிடந்தால்கூட நாற்றம் வந்தபிறகுதான் கதவைத் தட்டுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே பயமாக இருந்தது. ஆளைக் காணோமே என்று கேட்க இந்த ஊரில் ஒரே ஒருவராவது இருக்க மாட்டாரா என்று ஏங்கினேன்.

ஆய்வகத்துக்குத் திருக்கை சேர்ப்பது என் பொறுப்பு. சுறாவும் திருக்கையும் பங்காளிகள். இரண்டுக்கும் எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். எது எதுவென்று தெரிய மீனைப் பார்த்தால் போதும், ஆனால் புரட்டிப் பார்க்க வேண்டும். செவுள் பிளவுகள் பக்கவாட்டில் இருந்தால் சுறா, அடிப்பக்கம் இருந்தால் திருக்கைக் கூட்டம். உழுவை மீனைச் சுறா என்றுதான் எவரும் சத்தியம் செய்வார்கள். புரட்டியதும் குட்டு வெளிப்பட்டுவிடும். ரம்ப மூக்கு வேளாவும் அப்படியே. தலையில் கொம்பு வைத்தது, முதுகெல்லாம் புள்ளி போட்டது, உடம்பு விசிறியாக விரிந்து வால் மட்டும் பேருக்கு ஒட்டிக்கொண்டிருப்பது என்று ராயபுரம் கரையில் எத்தனை தினுசு! சிக்கல் வால் முள்ளில்தான். வகை பிரிக்க எனக்கு முள் வேண்டும். குத்தினால் உயிர் போகிற வலி என்பதால் கட்டுமரக்காரர்களோ வலையில் திருக்கையைக் கண்டதும் முள்ளை ஒடித்து எறிந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் விற்கும் அக்கா ஒருவரின் கூடையில் முள்ளோடு ஒரு சின்னத் திருக்கை கிடந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இது எந்தத் திருக்கைக்கா?" என்றேன்.

ஏலக் கூச்சலில் அவர் காதில் என்ன விழுந்ததோ, "ஒண்டியா?" என்றார்.

எங்கள் ஊரில் தனியாள் என்றால் 'ஒத்தை'. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. விலங்கியலில் பாதிப் பெயர்கள் 'யா'வில்தானே முடிகின்றன! "ஆமாக்கா, ஒண்டியா, ஒண்டியா!" என்று பலமாகத் தலையாட்டினேன். அவர் குரல் கொஞ்சம் இளகியது. குழம்புக்கு வைத்துக்கொள்ளும்படி நாலைந்து பொடி மீனைச் சும்மா போட்டார். நான் ஆய்வகத்துக்குப் போய்த் திருக்கையை ஃபார்மலின் ஜாடியில் போட்டுச் சீட்டு ஒட்டினேன். உள்ளூர்ப் பெயர்: ஒண்டியா.

அடுத்த வாரங்களில் "ஒண்டியா வந்திருக்கா?" என்று கரை முழுக்கக் கேட்டுத் திரிந்தேன். எல்லாரும் முழித்தார்கள். கடைசியில் அந்த அக்காவே என்னைப் பார்த்துக் கூப்பிட, அவரையே கேட்டேன். அவர் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அய்ய, நான் உன்னிய கேட்டேன் சார்! வூட்ல ஆரும் இல்லியா, ஒண்டியா கீறியான்னு கேட்டா, நீ மீனுக்குப் பேரு வச்சிகினு சுத்துறியே!"

நானும் சேர்ந்து சிரித்தேன். அறைக்கு வந்தபிறகுதான் உறைத்தது. இந்த ஊரில் என்னைப் பற்றி ஒருவர் கேட்ட ஒரே கேள்வி. அதை ஃபார்மலினில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

அன்றுமுதல் அவருக்கு நான் 'ஒண்டி சார்'. கரையில் கட்டுமரம் ஒதுங்கும் இடத்துக்கெல்லாம் கூடைகளும் நகரும். அவர் எங்கிருந்தாலும் என்னைக் கண்டதும் கைதட்டிக் கூப்பிடுவார். "முள்ளு ஒடிக்காம வச்சிகீறேன் பாரு" என்பார். நான் குந்தி உட்கார்ந்து கூடையைக் கிளறுவேன். மழைக்காலத்தில் ஜுரம் வந்து சில வாரம் படுத்துவிட்டேன். தேறிப் போனபோது, "இன்னா சார், ஆளையே காணோம்? பேஜாராப் பூட்ச்சிப்பா எனக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடல்காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

பங்குனி வாக்கில் அவரைக் காணவில்லை. அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் யாரும் கைதட்டவில்லை. கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் போய், "அந்த அக்கா வரலையா?" என்றேன்.

"எந்த அக்கா சார்?"

"திருக்கை விப்பாங்களே. என்னை ஒண்டி சார்னு கூப்பிடுவாங்க."

"இங்க அல்லாரும்தான் திருக்க விக்கிறோம். பேரு இன்னா?"

தெரியவில்லை.

"வூடு எங்க? இங்கியா, முகத்துவாரக்குப்பமா?"

அதுவும் தெரியவில்லை.

"சரி, ஆளு எப்பிடி இருக்கும்? கறுப்பா, செவப்பா? பொட்டு வச்சிருக்குமா, கழுத்துல சிலுவ போட்டிருக்குமா?"

அந்த அக்காவின் எதிரே உட்கார்ந்த அத்தனை காலையும் நான் கூடைக்குள்தான் பார்த்திருந்தேன்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. "நல்லா யோசிச்சு சொல்லு சார்," என்றாள். "எங்காளுங்க ரெண்டு மூணு பேரு கொஞ்ச நாளா வர்ல. அதுல எதைக் கேக்குற?"