மைத்துனன் உடுப்பில் இட்ட குறி

யுத்தம் தொடங்குவதற்கு மூன்று நான்கு வருடங்களுக்கு முன்னர், மண்டூரில் என் மாமியார் வீட்டு முற்றத்தில் நடந்தது இது. கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்த மாதம். எனக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு மாதம்தான்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் தன் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். நான் களுதாவளையான். கடற்கரைப் பக்கத்திலிருந்து வாவியைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்தவன். தூரம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. குருமண்வெளித் துறையில் தோணி ஏறினால் வந்துவிடலாம். வந்த பிறகுதான் சிக்கல். அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. புது மாப்பிள்ளை என்று பாயை விரித்து உட்கார வைப்பார்கள், சோறு போடுவார்கள், மறுபடி உட்கார வைப்பார்கள். விறகு கொத்தலாம் என்று நான் கோடரியைத் தூக்கினால் மாமா ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார். மரியாதை என்பது இவ்வளவு அலுப்பான சங்கதி என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

என் மனைவிக்கு ஒரு தம்பி. என்னைவிட நாலு வயது இளையவன், நல்ல கெட்டிக்காரன். மட்டக்களப்புப் பட்டணத்தில் சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்துச் சோதனையில் தேறி, கொழும்பிலே ஒரு கல்லூரியில் இடமும் எடுத்துவிட்டான். அந்தத் தெருவிலிருந்து கொழும்புக்குப் படிக்கப் போகிற முதல் ஆள் அவன்தான். ஊரே அதைப் பேசிக்கொண்டிருக்க, அவன் மட்டும் வாய் திறப்பதில்லை. என்னிடம் 'ஓம்', 'இல்லை' இரண்டைத் தவிர வேறு சொல் பேசியதாக எனக்கு நினைவில்லை. தான் பிறந்த வீட்டிலே எங்கிருந்தோ வந்த ஒருவன் பாய் போட்டு உட்கார்ந்திருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை என்று நானாகவே முடிவுகட்டி வைத்திருந்தேன்.

கல்லூரி விடுதியிலிருந்து கடிதம் வந்தது. புது வருடப் படிப்பு தொடங்கும்போது மாணவன் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு பெரிய பட்டியல். வெள்ளைக் கோட்டு, கால்சட்டை, சட்டைகள், படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய், நுளம்பு வலை என்று அது நீண்டுகொண்டே போனது. சலவையில் மாறிப்போகாதபடி ஒவ்வொரு துணியிலும் மாணவனுக்குரிய அடையாளம் இருக்க வேண்டும் என்று அடியில் ஒரு வரி.

வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. காத்தான்குடித் தையற்காரர் ஒருவர் கோட்டும் கால்சட்டையும் தைத்துக் கொடுத்தார். மாமி பயறு வறுத்து இடித்துப் பலகாரம் செய்தார். என் மனைவி விரிப்புகளுக்கு ஓரம் அடித்தாள். மாமா எங்கிருந்தோ ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்து அதன் பூட்டை மூன்று நாளாகத் திருத்தினார். எனக்கு மட்டும் வழக்கம்போல ஒன்றுமில்லை. அப்போதுதான் அந்தக் கடைசி வரி ஞாபகம் வந்தது. அடையாளம் இடுகிற வேலையை நான் பார்க்கிறேன் என்று முந்திக்கொண்டேன். யாரும் மறுக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஆட்கள் எல்லாரும் ஏதாவது ஒரு குடியைச் சேர்ந்தவர்கள். குடி தாய்வழியாக வருவது. தாயின் குடிதான் பிள்ளைக்கும். ஒவ்வொரு குடிக்கும் ஒரு குறி உண்டு. அதை இரும்பைக் காய்ச்சி மாட்டின் தொடையில் சுடுவார்கள். மாடு எந்தக் காட்டில் திரிந்தாலும் குறியைப் பார்த்து இன்னாருடையது என்று சொல்லிவிடலாம். ஆகவே அடையாளம் என்றதும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை. குடிக்குறியை விட நல்ல அடையாளம் உலகத்தில் உண்டா?

புறப்பாட்டுக்கு முதல்நாள் காலையில் வண்ணார் வீட்டுக்குப் போய்ச் சேங்கொட்டை வாங்கிவந்தேன். துணிக்கு அடையாளம் வைக்க அவர்கள் பாவிக்கிற கொட்டை அது. அதன் சாற்றை ஈர்க்கால் தொட்டு எழுதிச் சுண்ணாம்பு தடவினால் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். துணி கிழிந்தாலும் குறி போகாது. வேப்ப மர நிழலில் பாயை விரித்து, உடுப்பு முழுவதையும் பக்கத்தில் அடுக்கி, ஒரு பிறை, அதன் குறுக்கே ஒரு கோடு என்று வெகு அழகாக இட்டுக்கொண்டு வந்தேன். சட்டைக் கழுத்தில், கோட்டின் உட்புறத்தில், விரிப்பின் மூலையில், கைக்குட்டையில்கூட. ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

என் மனைவி கோப்பி கொண்டுவந்தாள். ஒரு சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தாள். பிறகு இன்னொன்றை. அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பிறையும் கோடும் என் தாய் வீட்டுக் குறி. இந்த வீட்டின் குறி ஒரு வட்டமும் இரண்டு கோடும். அவர்கள் வீட்டுப் பிள்ளையின் உடுப்பு முழுவதிலும் அடுத்த குடியின் குறியைப் போட்டுவிட்டேன். சின்ன வயதிலிருந்து எங்கள் மாடுகளுக்குச் சுட்டுப் பழகிய கை, என்னைக் கேட்காமலே தன் வேலையைப் பார்த்துவிட்டது.

மாமி வந்து பார்த்தார். கோபித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எங்கட பிள்ளையக் கொண்டுபோய் உங்கட பட்டியில சேத்திட்டீங்களே, மருமகன்."

பிறர் மாட்டை மறித்துக்கொண்டுபோய்த் தன் குறியைச் சுடுகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் மாட்டுக் கள்ளன் என்று பெயர். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்லாததுதான் சுட்டது. குறி இருக்கிற இடமெல்லாம் வெட்டியெடுத்து ஒட்டுப்போடலாமா என்று தாயும் மகளும் பேசத் தொடங்கினார்கள். புதுக் கோட்டில் ஒட்டுப்போட்டுக்கொண்டு கொழும்புப் பிள்ளைகள் நடுவே அவன் போய் நிற்பதை நினைத்தேன். அங்கே நிற்க முடியாமல் எழுந்து துறையடிக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மைத்துனன் வந்தான். கையில் குறியிட்ட சட்டை ஒன்று. ஏசப் போகிறான், ஏசட்டும் என்று நின்றேன். அவன் பக்கத்தில் கிடந்த தோணியின் விளிம்பில் உட்கார்ந்து, அக்கரையைப் பார்த்தபடி கேட்டான்.

"அத்தான், நீங்க எங்கட வீட்ட வந்த நேரம் எப்பிடி இருந்திச்சி?"

நான் எதிர்பார்த்த கேள்வி அதுவல்ல. பொய் சொல்லவும் தோன்றவில்லை. உள்ளதைச் சொன்னேன். தண்ணீர்க் குடம் எங்கே இருக்கிறது என்று கேட்க வெட்கப்பட்டு இரண்டு நாள் கிணற்றடியில் போய்க் குடித்ததைச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கள் என்று கேட்க வாய் வராமல் அரை வயிற்றோடு எழுந்ததையும், பின்னேரத்தில் காற்று வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு இதே துறையடிக்கு வந்து என் ஊர்ப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதையும், ஒரு நாள் கண் கலங்கியதையும் சொன்னேன். கட்டிய மனைவியிடம்கூட அதுவரை சொல்லாத கதை.

அவன் சிரிக்கவில்லை. கொழும்பை நினைத்தால் தனக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்குவதில்லை என்றான். ஊரெல்லாம் பெருமையாகப் பேசும்போது பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது என்று கேட்டான். நாளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடுவதாகவே தீர்மானித்திருந்தானாம். ரயிலை விட்டால் இடமும் போய்விடும், அதுவும் அவனுக்குத் தெரியும். அவன் வாய் திறக்காமல் திரிந்தது என்மேல் வெறுப்பினால் அல்ல என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த வீட்டில் தாயும் தமக்கையும் பிறந்த மனையை விட்டு ஒரு நாளும் போனவர்கள் இல்லை. மாமா தன் ஊரை விட்டு இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது முப்பது வருடத்துக்கு முந்திய கதை, அவருக்கே மறந்திருக்கும். அவன் கேட்பதற்கு என்னை விட்டால் ஆளில்லை.

"எத்தின நாளில சரிவந்திச்சி?" என்று கேட்டான்.

"எங்க சரிவந்திச்சி? அந்தச் சட்டையப் பாருங்க தம்பி. நான் வந்து ஆறு மாசம். என்ட கை இன்னும் வந்து சேரல்ல."

அதற்குத்தான் அவன் சிரித்தான். சிரித்து முடிய நேரமாயிற்று; எனக்கும் தொற்றிக்கொண்டது. அப்படியானால் ஆறு மாதம் வரைக்கும் தான் பயப்படலாம், அதில் குற்றமில்லை என்றான். இல்லை, ஒரு வருடம்கூட எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

வீட்டுக்குத் திரும்பினோம். மாமி கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தார். அவன் அதை வாங்கி ஒரு பக்கம் வைத்தான்.

"வெட்டாதீங்க அம்மா. மாடு துலைஞ்சா குறிக்காரர்தானே தேடி வரோணும்? நான் துலைஞ்சா அத்தான் வரட்டும்."

மாமி என்னைப் பார்த்தார். பிறகு உடுப்புகளை மடித்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். தகரப் பெட்டியை மூடும்போது பூட்டு மறுபடி மக்கர் பண்ணியது. "மருமகன், இதக் கொஞ்சம் பாருங்க" என்று என்னைத்தான் கூப்பிட்டார். மாமாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். சேங்கொட்டைச் சாறு பட்டு என் விரல்கள் அதற்குள் வீங்கிக் கொப்பளித்திருந்தன. அந்த விரல்களை வைத்துக்கொண்டே பூட்டைச் சரிபண்ணினேன்.

மறுநாள் தோணியில் அவனோடு நானும் அக்கரைக்குப் போய், பஸ் பிடித்து, பட்டணத்து ஸ்டேஷனில் பெட்டியை ஏற்றிவிட்டேன். ரயில் நகரும்வரை அவன் முகத்தில் பயம் இருந்தது. ஆனாலும் போனான். படித்து முடித்து நல்ல உத்தியோகத்துக்கும் வந்தான்.

அவனை ஆயத்தப்படுத்த நான் பெருமையோடு செய்த ஒரே வேலை பிழையாகிப்போனது. யாருக்கும் தெரியக்கூடாது என்று ஆறு மாதமாக நான் வெட்கப்பட்டு ஒளித்துவைத்திருந்ததுதான் அவனை ரயிலில் ஏற்றியது என்பதை நினைக்கும்போது, இன்றைக்கும் எனக்கு மனம் நிறைந்துபோகிறது.